மோந்து சொன்னவள்

அவள் கணவருக்கு வாசனை தெரியாது என்பது, டாக்டரை விட்டால், உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவர், இன்னொன்று அவள். வாசனை தெரியாமல் எத்தனையோ பேர் சாப்பிட்டுத் தூங்கி நிம்மதியாகத்தான் காலம் தள்ளுகிறார்கள். ஆனால் அவருக்கு இத்தனை வருஷம் சோறு போட்டதே அந்த மூக்கு.

கார் வொர்க்‌ஷாப்பில் அவருக்குப் பெயரே மூக்கு. டயர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவின் கடைசியில், தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே நாலைந்து லிஃப்ட், ஓரமாக ஒரு கம்ப்யூட்டர். எந்தக் கம்ப்யூட்டரிலும் தப்புக் காட்டாத, ஆனால் ஏதோ சரியில்லை என்று சொந்தக்காரர் மட்டும் புலம்பிக்கொண்டிருக்கும் வண்டிகள் கடைசியில் இவரிடம்தான் வரும். பானட்டைத் திறந்து, கண்ணை மூடி, கோழி குனிவது மாதிரி ஒருமுறை குனிவார். கிளட்ச் கருகுகிறது, பெட்ரோல் அதிகம் போகிறது, கூலன்ட் எங்கேயோ கசிந்து சூட்டில் பொரிகிறது என்று நிமிர்வதற்குள் சொல்லிவிடுவார். ஃபோர்மன் அவருக்குப் பழைய சிநேகிதர். கஸ்டமர்களிடம் பெருமையாகச் சொல்வாராம், கம்ப்யூட்டரை கரன்ட் போனா நம்ப முடியாது, எங்க மூக்கை நம்பலாம் என்று.

அந்தப் பெருமையில் ஒரு நாற்காலி இருந்தது. அவர் வயதுக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். முட்டி போன மனுஷனை வண்டிக்கு அடியில் படுக்க வைத்து என்ன செய்வது? இவருக்கும் முட்டி போய்த்தான் இருந்தது. இருந்தாலும் மூக்கு இருந்ததால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவர் அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் திரிந்து போன பாலை, கொட்டுவதற்காக எடுத்து வைத்ததை, எடுத்து மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் வீடு வரை நாறிக்கொண்டிருந்த பால். அவள் கையில் கரண்டியோடு பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், புரிந்துகொண்டார். "யார்கிட்டயும் வாயைத் திறக்காதே," என்றார். அவ்வளவுதான் பேச்சு. வாசனை திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வரவில்லை.

அவளுக்கு வேலை ஒரு சலவைக் கூடத்தில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வரும். மத்தியானம் போனால் இருட்டும் நேரத்துக்கு வருவாள். அழுக்கைப் பிரித்துப் போடும்போது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்க் கறையை அவள் மோந்து பார்த்தே தனியாக எடுத்துவிடுவாள். அதை ஒரு திறமை என்று யாரும் சொன்னதில்லை. அவளும் நினைத்ததில்லை. முகம் சுளிக்காமல் அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும், இவள் இருந்தாள்.

முதல் துணியை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துச் சமையலறை மேடையில் வைத்தார். உள்ளே, ஒரு வண்டியின் கசிவைத் துடைத்த வேஸ்ட் துணி ஒரு துண்டு. "கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லேன்," என்றார். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி அதுதான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மற்றதெல்லாம் கேட்காமலே நடந்துவந்தவை.

அவளுக்கு எண்ணெய்களின் பெயர் தெரியாது. நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி இருக்கிறது என்பாள். துருப்பிடித்த ஆணியை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி என்பாள். சர்க்கரைப் பாகை அடுப்பில் மறந்துவிட்ட மாதிரி என்பாள். அவர் யோசிப்பார். அப்படியானால் இது, இப்படியானால் அது என்று பிரிப்பார். அவளுக்குப் பழக்குவதற்காகவே சுத்தமான எண்ணெய்களைச் சின்னச் சின்ன பாட்டில்களில் கொண்டுவந்து ஜன்னலோரம் அடுக்கினார். சில வீடுகளில் புருஷன் பெண்டாட்டி சீட்டு ஆடுவார்கள். இவர்கள் சாப்பிட்ட பிறகு வேஸ்ட் துணி மோந்து பார்த்தார்கள். அடுத்த நாள் அவர் வொர்க்‌ஷாப்பில் அதே வண்டி முன்னால் கண்ணை மூடிக் குனிந்து, நேற்றே சந்தேகமாக இருந்தது என்று ஆரம்பிப்பார். சரியாக இருக்கும்.

அவளுக்கு அந்தச் சாயங்காலங்கள் பிடித்திருந்தன. அதை வெளியே சொல்ல முடியுமா? புருஷனுக்கு ஒரு ஊனம் வந்ததில் வீடு கலகலப்பானது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. ஆனால் சலவைக் கூடத்தில் துண்டு மடிக்கும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள், இந்த வயசில் என்னடி என்று இடித்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நர்ஸம்மாவின் கார் வந்தது.

நர்ஸம்மா வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஊசி போட்டுப் புண் கட்டிவிடுகிறவர். சின்ன வெள்ளைக் கார். வாங்கி வருஷம்கூட ஆகவில்லை, ஸீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட் தொட்டியில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் புகார். ஊற்றினால் சில வாரத்தில் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. நிறுத்தும் இடத்தில் தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. வொர்க்‌ஷாப்பில் ஹோஸ்களை இறுக்கினார்கள், மூடியை மாற்றினார்கள். காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள், முள் அசையவில்லை. சாயம் கலந்து நீல விளக்கு அடித்துத் தேடினார்கள், எங்கும் பளிச்சிடவில்லை. எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலந்த வெளுப்பும் இல்லை. மிச்சம் ஒரே ஒரு சந்தேகம். எஞ்சினுக்கு உள்ளேயே எங்கேயாவது விரிசல் இருந்து, கூலன்ட் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, சைலன்சர் வழியாக ஆவியாகப் போகிறதா? போனால் இனிப்பாக வாசனை அடிக்கும். அதற்குத்தான் மூக்கு.

அவர் சைலன்சர் குழாயின் உட்பக்கத்தைத் துடைத்துத் துணியைக் கொண்டுவந்தார். அவள் மோந்தாள். கரி, பெட்ரோல், வேறு ஒன்றும் இல்லை. திருப்பிப் போட்டு இன்னொரு தடவை மோந்தாள். இல்லை. உள்ளே சுத்தம் என்று அவர் மறுநாள் சொன்னார். கார் போனது. போன கார் திரும்பி வந்தது.

நர்ஸம்மா சண்டை போடவில்லையாம். சண்டை போடத் தெம்பில்லாத களைப்பு. "கார் ஒண்ணும் குடிக்கிற ஆளில்லையே, சார். ஊத்துறதெல்லாம் எங்கதான் போகுது?" என்று மட்டும் கேட்டாராம். மேடு பள்ளத்தில் நிறுத்தி அளவு பார்த்திருப்பீர்கள் என்று ஃபோர்மன் சமாளித்தார். மூன்றாவது முறை வந்தபோது அந்தச் சமாளிப்பு எடுபடவில்லை. நர்ஸம்மாவின் அப்பா நடக்க முடியாதவர். அவரைப் பின் ஸீட்டில் படுக்க வைத்து, மலைப் பாதை வழியாக அக்கா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். வழியில் எஞ்சின் சூடாகி நின்றால் அவரைத் தூக்கி இறக்க ஆள் கிடைக்காது. போகலாமா கூடாதா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, காரை ராத்திரிக்கு வொர்க்‌ஷாப்பிலேயே விட்டுப் போனார்.

அன்றைக்கு அவர் துணி எதுவும் கொண்டுவரவில்லை. மேடையில் கையை ஊன்றி நின்றுகொண்டு விளக்கினார். உள்ளே இருப்பது மயிரிழை விரிசலாக இருந்தால், இரும்பு குளிர்ந்திருக்கும்போதுதான் வாயைத் திறக்கும், சூடு ஏறினால் மூடிக்கொள்ளும். அதனால்தான் அழுத்தத்தில் தெரியவில்லை, சூடான குழாயைத் துடைத்த துணியிலும் தெரியவில்லை. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது நாலு மூச்சு விடுகிற நேரத்துக்குத்தான் அந்த வாசனை வரும். அதைத் துணியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாது.

வேறு வழியே கிடையாதா என்று கேட்டாள். இருக்கிறது, ஒரு மருந்து இருக்கிறது என்றார். தொட்டி வாயில் வைத்தால், விரிசல் இருந்தால் நீலம் மஞ்சளாக மாறும், அவ்வளவுதான் சோதனை. வொர்க்‌ஷாப்பில் இருந்த பாட்டில் எப்போதோ காலி. மூக்கு இருக்கும்போது மருந்து எதற்கு என்று ஃபோர்மன் வாங்கவே இல்லை.

"இப்ப வாங்கச் சொல்லுங்களேன்."

"ஏன்னு கேப்பான்."

அவரே திட்டம் சொன்னார். காலையில் அவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போவார். அவள் அதை எடுத்துக்கொண்டு வருவாள். வண்டிக்குப் பின்னால் வந்து நிற்பாள். இனிப்பு வாசனை வந்தால் டப்பாவை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் மாற்றக் கூடாது. திருடப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறதே என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வொர்க்‌ஷாப் அப்போதுதான் திறந்திருந்தது. வெள்ளைக் காரைத் தள்ளி வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தார்கள். பானட் திறந்திருந்தது. முன்பக்கம் நர்ஸம்மா தோளில் பையோடு நின்று கூலன்ட் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோர்மன் டிரைவர் ஸீட்டில் பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கனத்த உடம்பு. அவள் கணவர் வண்டிக்குப் பின்னால், சைலன்சர் பக்கத்தில், வலிக்கிற முட்டியைப் பொருட்படுத்தாமல் குந்தியிருந்தார். அவள் டப்பாவோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். என்ன தங்கச்சி, இவன் தலையை மட்டும் மறக்காம வந்திருக்கானா என்று ஃபோர்மன் கண்ணாடி வழியாகக் கேட்டுவிட்டு, சாவியைத் திருப்பினார்.

வெள்ளையாகப் புகை வந்தது. குளிர்ந்த காலையில் எல்லா வண்டிக்கும் வருகிற புகைதான், பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அவள் மூக்குக்குள் அது சர்க்கரைப் பாகாக இறங்கியது. சந்தேகத்துக்கே இடமில்லை. ஜன்னலோரத்து பாட்டில்களில் எத்தனை தடவை மோந்த வாசனை! டப்பாவை இடது கைக்கு மாற்றினாள்.

அதே நேரம் ஃபோர்மன் வண்டியை ஓடவிட்டு இறங்கிப் பின்பக்கம் வந்து, அவளுக்கும் அவருக்கும் நடுவில் நின்றார். அந்த முதுகுக்குப் பின்னால் ஒரு ஆளையே ஒளித்து வைக்கலாம். அவள் இடது பக்கம் நகர்ந்தாள். அவரும் தலையை நீட்டிப் பார்த்தார். ஃபோர்மனும் நகர்ந்தார்.

"என்ன மூக்கா, சொல்லு. அம்மா கிளம்பணும்."

அவர் எழுந்து நின்றார். முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அந்தத் தட்டலில் அவர் நேரம் கடத்துவது அவளுக்குத் தெரிந்தது. பிறகு, "ஒண்ணுமில்ல. உள்ள சுத்தம். தைரியமா போகலாம்," என்றார்.

நர்ஸம்மா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். ஃபோர்மன் பானட்டைச் சாத்தப் போனார்.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆச்சரியம். இவர் என் கையைப் பார்க்கவே இல்லையே! பார்க்காமல் எப்படிச் சொன்னார்? எத்தனையோ வருஷம் கூடக் குடித்தனம் பண்ணின மனுஷனை அந்த நிமிஷம்தான் புதிதாகப் பார்ப்பது மாதிரி இருந்தது. அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள்.

"அம்மா, இந்தக் காரை எடுக்காதீங்க. இனிப்பா வாசனை வந்துச்சு."

ஃபோர்மன் சிரித்தார். பின்னால் போய்க் குனிந்து மோந்து பார்த்தார். அதற்குள் எஞ்சின் சூடேறிவிட்டது, வெறும் புகைதான் வந்தது. வீட்டுக்காரர் சொன்னதை வீட்டுக்காரியே மறுக்கிறாளே, ராத்திரி வீட்டில் ஏதாவது தகராறா என்று தமாஷ் பண்ணினார். அவள் அசையவில்லை. நர்ஸம்மா அவளைப் பார்த்தார், அப்புறம் அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிகளைப் பார்த்தே பழகின கண் அது. "உங்களுக்குக் காய்ச்சல் ஏதாவது வந்திருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஃபோர்மனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தன் ஆளைத் தன் இடத்தில் வைத்து யாரோ சந்தேகப்படுவதாவது! அவர் கெட்டது எதுவும் நினைக்கவில்லை, சிநேகிதன் மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தார். விறுவிறுவென்று போய் ஒரு டப்பாவில் வேஸ்ட் துணியை முக்கிக்கொண்டு வந்தார். கண்ணை மூடுடா, இது என்னன்னு சொல்லு, இவங்க வாயை அடைச்சிரலாம் என்றார்.

பழைய கியர் ஆயில். அழுகிய முட்டையும் வெங்காயமும் சேர்ந்த நாற்றம். நர்ஸம்மா மூக்கைச் சுளித்துத் திரும்பிக்கொண்டார். தள்ளி டயர் மாற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் கண்ணை மூடி, எப்போதும் போல ஒருமுறை குனிந்தார்.

"கூலன்ட்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஃபோர்மன் துணியைப் பிடித்த கையை இறக்கவே இல்லை. நர்ஸம்மாதான் முதலில் பேசினார். "எங்கப்பாவை வச்சுக்கிட்டுப் போக இருந்தேன், சார்." குரலை உயர்த்தவில்லை. எஞ்சினை அணைத்து, சாவியை உருவி பானட் மேல் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் வாடகை வண்டிக்கு போன் பண்ண ஆரம்பித்தார்.

எஞ்சினைப் பிரித்தார்கள். முந்தின ராத்திரி அவர் அவளிடம் விளக்கின மாதிரியேதான், மயிரிழை விரிசல். கம்பெனி வேறு எஞ்சின் கொடுத்தது. இத்தனை நாள் துணியை மோந்து சொன்னது அவள்தான் என்று அவர் ஃபோர்மனிடம் ஒப்புக்கொண்டார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் சுத்தம் என்று அனுப்பின வண்டிகளையெல்லாம் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலாளி சொன்னாராம். ஃபோர்மன் கெஞ்சி, வண்டி கழுவும் இடத்தில் போடச் செய்தார். அங்கே நாற்காலி கிடையாது. கழுவின காரைத் துடைத்து, கொண்டுபோய் வரிசையில் நிறுத்த வேண்டும். இப்போதும் எல்லோரும் மூக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் அவர் பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், போட்டதில் படுத்தார். ஜன்னலோரத்து பாட்டில்களை அவரே எடுத்துக் குப்பையில் போட்டார். அவளும் வாயைக் கட்டிக்கொண்டு மத்தியானம் வேலைக்குப் போனாள், வந்தாள். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நீ கையை மாத்தினியா?"

"மாத்தினேன்."

"நான் பாக்கல."

"தெரியும். பாக்காம ஏன் சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னா யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க," என்றார். "இருக்குன்னு சொன்னா பிரிப்பாங்க. இல்லாமப் போச்சுன்னா நான் மாட்டிக்குவேன்."

அவள் எதிர்பார்த்தது வேறு. பதறிவிட்டேன், வாய் தவறிவிட்டது என்று ஏதாவது. பதற்றத்தை மன்னிக்கலாம். இது கணக்குப் போட்டுச் சொன்னது. படுக்கையில் கிடக்கிற ஒரு கிழவரை மலைப் பாதையில் பணயம் வைத்த கணக்கு. அவள் எழுந்து குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். வேறு என்ன செய்வது? அவர் அதையும் சாப்பிட்டார்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மன் வீட்டுக்கு வந்தார். அவள் கணவர்தான் கதவைத் திறந்து, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஃபோர்மன் சுற்றி வளைத்தார். வெயில், முட்டிவலி என்று பேசினார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார்.

"தங்கச்சி, ஒரு சின்ன உதவி. ஒரு வண்டியில என்னன்னே பிடிபடல." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "திரும்பக் கூப்பிட்ட வண்டியெல்லாம் பாத்துட்டோம்மா. அந்த நர்ஸம்மா வண்டி ஒண்ணைத் தவிர, நீ மோந்து சொன்னது எதுவுமே தப்பில்ல," என்றார்.

அந்த வார்த்தையை அவள் யார் வாயிலிருந்தாவது கேட்க ஆசைப்பட்டிருக்கிறாள். ஆனால் நடுவில் ஒரு திரைத்துணி மட்டும்தான் இருந்தது. ஃபோர்மன் எவ்வளவு தாழ்த்தினாலும் அவர் குரல் அவர் உடம்பு மாதிரிதான். உள்ளே கட்டில் கிறீச்சிட்ட சத்தம் நின்றுபோனது.

உறையைத் திறந்தாள். மோந்தாள். எரிந்த ரப்பர். பெல்ட் கருகுகிறது, அண்ணா என்றாள். இதுதான் கடைசி, இனிமேல் என்னிடம் கொண்டுவராதீர்கள், மருந்து எதுவோ அதை வாங்கி வையுங்கள் என்றும் சொன்னாள். ஃபோர்மன் தலையாட்டிக்கொண்டே எழுந்தார். சிநேகிதனிடம் சொல்லிக்கொண்டு போகலாமா என்று திரைப் பக்கம் பார்த்துவிட்டு, சொல்லாமலே போய்விட்டார்.

அவள் கணவர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன சொன்னே?"

"பெல்ட் கருகுதுன்னேன்."

"பெல்ட் ஏன் கருகும்? அது பாட்டுக்குக் கருகாது. பெல்ட் சுத்துற சக்கரத்துக்குள்ள பேரிங் இறுகியிருக்கும், பெல்ட் தேயும். அவன் பெல்ட்டை மட்டும் மாத்துவான்."

"போன் பண்ணிச் சொல்லுங்க."

போன் மேசை மேல்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவன் கேட்டால் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியை மடித்து வைத்தார். ஃபோர்மன் கேட்கவில்லை.

அந்த வாரமே அந்த வண்டி, மாற்றிய பெல்ட்டும் அறுந்து, கயிறு கட்டி இழுத்து வரப்பட்டதாம். அவர்தான் சாப்பிடும்போது சொன்னார். ஒரே சேறு. உள்ளே விடுவதற்கு முன்னால் கழுவும் இடத்துக்கு அனுப்பினார்கள். அவர் கழுவி, துடைத்து, தள்ளி வரிசையில் நிறுத்தியிருக்கிறார்.

"பேரிங்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"என்னை யாரும் கேக்கல," என்றார் அவர்.